மலையகத்து பார்க்குல குருவி, குரங்கு படம் புடிக்கிறது எப்படி: மொத தடவ போறவங்களுக்கு முழு வழிகாட்டி

போன மார்கழியில மாமா பசங்க நாலு பேர நுவரெலியா விக்டோரியா பார்க்குக்கு கூட்டிட்டு போனேன். மூணு மணி நேரத்துல நாலு பேரும் சேர்ந்து 1000 படத்துக்கு மேல அடிச்சாங்க, சாயங்காலம் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு ஒண்ணொண்ணா பார்த்தா வச்சுக்குற மாதிரி மூணே மூணுதான் இருந்துச்சு. கெமரா எதுவும் மோசமில்ல. உள்ள போன ஒடனே கெமராவ எடுத்தாங்க, அப்புறம் குருவிய தேடுனாங்க, கண்டதும் பின்னாடியே ஓடுனாங்க, வெளிச்சம் எந்தப் பக்கம்னு யாருமே பார்க்கல. இந்த வரிசைய அப்படியே தலைகீழா மாத்துனா பாதி வேல முடிஞ்சுரும். அந்த வரிசையிலதான் கீழ எழுதிருக்கேன், நடுவுல எதையும் தாண்டிப் போகாதீங்க.

1. எடத்தையும் மாசத்தையும் முடிவு பண்ணுங்க

ஒரு நாளைக்கு ஒரு எடம். காலையில விக்டோரியா பார்க், பத்து மணிக்கு ஹக்கல, மத்தியானம் கிரகரி வாவின்னு பிளான் போட்டா பஸ்ஸுலயும் ஆட்டோவுலயும்தான் நாள் போகும். நல்ல வெளிச்சம் இருக்குற ரெண்டு மணி நேரம் ரோட்டுலயே முடிஞ்சிரும்.

குருவி வேணும்னா விக்டோரியா பார்க். டவுனுக்கு நடுவுலயே இருக்குற பார்க்தான், ஆனா ஆறுமணிக்குருவி, காஷ்மீர்ல இருந்து வர்ற சின்ன ஈப்பிடிப்பான், கருப்பு வெள்ள த்ரஷ் எல்லாம் குளிர் காலத்துல அங்க வந்து தங்கும். மந்தி, கொம்பு மூக்கு ஓணான் வேணும்னா ஹக்கல தாவரத் தோட்டம், நுவரெலியாவுல இருந்து வெலிமட ரோட்டுல சீதாஎலிய தாண்டி, ஒரு 10 கிலோமீட்டர் வரும். பழந்தின்னி வௌவாலுக்கு பேராதனை. கபரகொய்யா, நீர்க்காகம், கொக்குக்கு கண்டி வாவி. மரைக்கு ஹோர்ட்டன் சமவெளி.

வெளிநாட்டுல இருந்து வர்ற குருவிங்க அக்டோபர் மாதிரி வந்து ஏப்ரலுக்குள்ள கிளம்பிரும். நம்ம பக்கம் மழ கொறஞ்சு இருக்குறது ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும். ரெண்டும் சேர்ற அந்த நாளுங்கதான் மொத தடவ போறவங்களுக்கு ஏத்தது. மே மாசம் தென்மேற்கு மழ தொடங்கிட்டா ஹட்டன், நுவரெலியா பக்கம் கெமராவ வெளிய எடுக்குறதே பெரிய பாடு. ஏப்ரல் சீசன் நேரத்துல நுவரெலியா பார்க் பக்கமே போகாதீங்க, குருவிய விட சனம்தான் அதிகம்.

2. என்ன சாமான் வேணும்

பெரிய லென்ஸ் வாங்குனாதான் முடியும்னு யாரும் நினைக்க வேணாம். சின்ன சென்சர் இருக்குற சாதாரண கெமராவுல 70-300 மி.மீ. சூம் லென்ஸ் போட்டாலே போதும், அது 450 மி.மீ. அளவுக்கு கிட்ட காட்டும். லென்ஸ கழட்ட முடியாத, நீளமா சூம் ஆகுற பிரிட்ஜ் கெமராவும் பகல் வெளிச்சத்துக்கு நல்லாவே வேல செய்யும். போன் மட்டும்தான் இருக்குன்னா குருவிய விட்டுட்டு ஓணான், கபரகொய்யா, வண்ணத்துப்பூச்சின்னு போங்க, அதுல கெமராகாரன விட நல்ல படம் எடுத்த பொண்ணுங்கள பார்த்திருக்கேன்.

ட்ரைபாட் தேவையில்ல. பார்க்குல அத விரிச்சு நிமித்துறதுக்குள்ள குருவி போயிரும். பழைய ஜீன்ஸ் கால வெட்டி ரெண்டு பக்கமும் தச்சு உள்ள பயறு போட்டு ஒரு பை செஞ்சுக்கோங்க, பெஞ்சு மேலயோ கட்டு மேலயோ வச்சு லென்ஸ அதுல அமுக்குனா ஆடாது. நனைய மட்டும் விடாதீங்க, என்னோடது ஒரு தடவ நனைஞ்சு மூணு நாளுல மொள விட்டுருச்சு.

மத்தபடி ரெண்டு பெட்டரி (குளிருல சீக்கிரம் எறங்கும், ஒண்ண சட்டப் பைக்குள்ள சூடா வச்சுக்கோங்க), பழைய பருத்தித் துணி, கெமரா முழுசா உள்ள போற பொலித்தீன் பை ரெண்டு. இந்தப் பை மழைக்கு மட்டும் இல்ல, 4ஆவதுல சொல்றேன். மங்கின கலருல துணி போடுங்க. சரசரன்னு சத்தம் போடுற ரெயின்கோட் வேணாம், கைய தூக்குற ஒவ்வொரு தடவையும் குருவிக்கு தந்தி அடிச்ச மாதிரி ஆகிரும். உடவத்தகெலே மாதிரி காட்டுக்குள்ள போறதா இருந்தா காலுறைக்கு மேலயும் கணுக்காலச் சுத்தியும் காஞ்ச சவர்க்காரத்த நல்லா தேச்சுக்கோங்க. மழ பேஞ்ச மறுநாள் அட்டை சும்மா விடாது.

3. முதல் நாள் ராத்திரியே செட்டிங் போட்டு வைங்க

பார்க்குல நின்னு மெனுவ தேடுறதுதான் நான் அதிகமா பார்க்குற தப்பு. வீட்டுலயே எல்லாத்தையும் போட்டு முடிச்சிருங்க.

அபேர்ச்சர் ப்ரையாரிட்டி (லென்ஸ் தொறக்குற அளவ நாமளே வைக்கிற முறை) போட்டு, லென்ஸ் எவ்வளவு தொறக்குமோ அவ்வளவு தொறந்து வைங்க, சூம் லென்ஸ்ல பெரும்பாலும் எஃப் 5.6 வரும். வெளிச்சம் அதிகமா உள்ள வரும், பின்னாடி இருக்குற எல குப்பையும் மங்கிப் போகும். ஐஎஸ்ஓவ (கெமரா வெளிச்சத்த உணர்ற அளவு, ஏத்துனா படத்துல புள்ளி வரும்) ஆட்டோவுல போட்டு மேல் எல்லை 3200 வைங்க, புது கெமரான்னா 6400. கொறஞ்ச ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு ஷட்டர் தொறந்திருக்குற நேரம்) 1/500 நொடின்னு செட் பண்ண முடிஞ்சா பண்ணுங்க. அந்த வசதி இல்லாத கெமராவுல ஷட்டர் ப்ரையாரிட்டிக்கு (ஷட்டர் வேகத்த நாமளே வைக்கிற முறை) மாறி 1/500ல நிப்பாட்டுங்க. புள்ளி புள்ளியா வர்ற படத்த பின்னாடி ஓரளவு சரி பண்ணலாம், ஆடிப்போன படத்த ஒண்ணுமே செய்ய முடியாது. எல்லாரும் ஐஎஸ்ஓவுக்கு பயந்து 400ல வச்சுட்டு 1/60ல அடிச்சு ஆட்டிட்டு வர்றாங்க.

போகஸ் தொடர்ந்து பின்தொடர்ற வகையில இருக்கணும், சில கெமராவுல ஏஎஃப்-சி, சிலதுல ஏஐ சர்வோன்னு பேரு. நடுவுல ஒரே ஒரு புள்ளி. எல்லா புள்ளியையும் தொறந்து விட்டா கெமரா முன்னால நிக்கிற கிளையத்தான் புடிக்கும், பின்னால குருவி மங்கலா நிக்கும். குருவியோட கண்ண தானா கண்டுபுடிக்கிற புதுக் கெமரா வச்சிருந்தா அத போட்டுக்கோங்க, கிளை அடர்த்தியா இருந்தா மட்டும் ஒத்தப் புள்ளிக்கு திரும்பிருங்க. பீப் சத்தத்த நிறுத்துங்க, பிளாஷ நிறுத்துங்க, ரா பைல் (பின்னாடி திருத்த சுலபமா இருக்குற மூலப் படம்) எடுக்குற வசதி இருந்தா போடுங்க.

இதெல்லாம் போட்ட பிறகு வீட்டுக்கு முன்னாடி மேயுற கோழிய ஒரு அரை மணி நேரம் எடுத்துப் பாருங்க. சிரிக்காதீங்க. கோழி தலைய ஆட்டுற வேகம் குருவி மாதிரியேதான், நடக்குற கோழியோட கண்ணுல புள்ளிய வச்சு பத்துக்கு அஞ்சு தெளிவா எடுக்க முடிஞ்சா நீங்க பார்க்குக்கு ரெடி.

4. சூடு குளிரு மாறும்போது கெமராவ மூடி வைங்க

இத யாரும் சொல்லித் தர மாட்டேங்குறாங்க, நம்ம மலையகத்துல இதுதான் அதிகமா ஆள கவுக்குது. குளிர்ந்து போன கெமராவ சூடான ஈரக் காத்துக்குள்ள கொண்டு போனா லென்ஸ் மேல தண்ணி பூத்துரும், கண்ணாடி டம்ளர்ல ஐஸ் போட்ட மாதிரி. வெளிய பூத்தா துடைக்கலாம், உள்ள பூத்தா காயுற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது.

இது மூணு நேரத்துல நடக்கும். விடியக்காலை குளிருல படம் எடுத்துட்டு அடுப்பு எரியுற வீட்டுக்குள்ளயோ தேத்தண்ணி கடைக்குள்ளயோ நுழையும்போது, நுவரெலியாவுல இருந்து கண்டிக்கு எறங்கும்போது, அப்புறம் ஏசி வேன்ல இருந்து பேராதனையில எறங்கும்போது. மூணாவதுதான் ரொம்ப மோசம், பசங்க வேன்ல இருந்து எறங்குன கையோட கெமராவ தூக்கி வௌவால எடுப்பாங்க, எல்லாம் பால் ஊத்துன மாதிரி வரும், கெமரா கெட்டுப் போச்சுன்னு பயந்துருவாங்க.

வழி சுலபம். சூடான எடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி, வெளிய நிக்கும்போதே கெமராவ பொலித்தீன் பையில போட்டு வாய இறுக்கி கட்டிருங்க. தண்ணி பை மேல பூக்கும், கெமரா உள்ள காஞ்சபடி இருக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு தொறங்க. படத்த ஒடனே பார்க்கணும்னு கை துடிக்குதுன்னா கார்ட வெளியிலயே கழட்டிக்கிட்டு கெமராவ கட்டுங்க.

5. உக்காருங்க, கெமரா பைக்குள்ளயே இருக்கட்டும்

வாசல் தொறக்குற நேரத்துக்கே போயிருங்க. காலையில பத்து, பதினொன்னு மணி வரைக்கும் பெரும்பாலும் வானம் தெளிவா இருக்கும், மத்தியானத்துக்கு மேல மூடுபனியோ மழையோ எறங்கும்னு நம்ம ஆளுங்களுக்கு சொல்லணுமா என்ன.

உள்ள போனதும் ஒரு சுத்து சும்மா நடங்க. பூத்த மரம், பழம் பழுத்த மரம், தண்ணி தேங்குன எடம், மக்குன எல குவிஞ்ச நிழல், இந்த நாலையும் கண்ணால குறிச்சுக்கோங்க. மஞ்சக்காது கொண்டைக்குருவியும் வெள்ளைக்கண்ணியும் பழத்துக்கும் பூவுக்கும் வரும். ஆறுமணிக்குருவி நிழல்ல கீழ எலைய கிளறி புழு தின்னும். எதுக்கு எங்க வேல இருக்குன்னு தெரிஞ்சா தேடி அலைய வேண்டியதே இல்ல.

பிறகு அதுல ஒரு எடத்த எடுத்து, 20 அடி தள்ளி, முதுகுப் பக்கம் மரமோ புதரோ இருக்குற மாதிரி உக்காருங்க. தனியா நிக்கிற மனுசன் குருவிக்கு பயம், மரத்தோட ஒட்டி உக்காந்திருக்கிறவன் பத்து நிமிசத்துல மரமா ஆகிருவான். 20 நிமிசம் சும்மா இருங்க, போன தொடாதீங்க. மொத அஞ்சு நிமிசம் ஒண்ணுமே வராது, அதுக்கு மேலதான் நின்ன சத்தமெல்லாம் திரும்ப தொடங்கும். குருவி ஒரே கிளைக்கு திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க, ஈப்பிடிப்பான் பூச்சிய புடிச்சிட்டு பெரும்பாலும் பழைய எடத்துக்கே வந்து உக்காரும். அந்தக் கிளைய கண்டுபுடிச்ச பிறகுதான் கெமராவ எடுக்கணும், மெதுவா, பையில இருந்து மடிக்கு, மடியில இருந்து மூஞ்சிக்கு.

மாமா பசங்கள்ல சின்னவன் ஒருத்தன் கால் வலிக்குதுன்னு பெஞ்சுல உக்காந்துட்டான், மத்த மூணு பேரும் பார்க்குக்குள்ள நாலு சுத்து சுத்துனாங்க. நான் சொன்ன மூணு நல்ல படமும் அவனோடது.

6. வெளிச்சம் எங்க, பின்னாடி என்ன

வெயில் இருந்தா அது உங்க முதுகுப் பக்கம் இருக்கணும். குருவி கண்ணுல ஒரு சின்ன வெள்ளப் புள்ளி மின்னும், அது இருந்தாதான் படத்துக்கு உசுரு. லேசா மேகம் மூடுன நாள் இன்னும் நல்லது, எலைக்கு அடியில கருப்பு நிழல் விழாது.

பின்னணியில வெள்ளை வானம் வேணாம். ரெண்டு அடி நகர்ந்தா வானத்துக்கு பதிலா தூரத்து மரம் பச்சையா வரும். பின்னணி எவ்வளவு தூரத்துல இருக்கோ அவ்வளவு நல்லா மங்கும்.

அப்புறம் உயரம். தரையில நிக்கிறத நின்னுக்கிட்டு மேல இருந்து எடுத்தா எல்லாமே கோழிக்குஞ்சு மாதிரிதான் தெரியும். முட்டி போட்டு, முடிஞ்சா படுத்து, அதோட கண்ணு மட்டத்துக்கு எறங்குங்க. சட்ட அழுக்காகும், பரவாயில்ல.

7. கண்ணுல போகஸ், சின்னச் சின்ன தொடரா அடிங்க

புள்ளிய கண்ணு மேல வைங்க. கண்ணு தெளிவா இருந்தா வாலு மங்குனாலும் யாரும் கேக்க மாட்டாங்க. மூணு நாலு படமா அடிச்சு விடுங்க, பட்டன அமுக்கிக்கிட்டே இருந்தா கெமரா நிரம்பி, குருவி றெக்கைய விரிக்கிற நேரத்துல நின்னுரும். பறக்குறத எடுக்கணும்னா 1/1600க்கு மேல போகணும், அதுக்கு கண்டி வாவியில நீர்க்காகமும் கொக்கும்தான் நல்ல வாத்தியார், பெரிய உடம்பு, கெமராவால பின்தொடர சுலபம்.

8. மூடுபனியும் இருட்டும்

மூடுபனி வந்தா எல்லாரும் கெமராவ மூடுறாங்க, நான் அப்பதான் எடுப்பேன். ஆனா கெமராவோட கணக்கு அங்க தப்பும். சுத்தி வெள்ளையா இருந்தா வெளிச்சம் அதிகம்னு நினைச்சு அது படத்த கறுக்கடிச்சுரும், பனி சாம்பல் மாதிரி வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்த வெளுக்க வைக்கவும் கறுக்க வைக்கவும் இருக்குறது) பட்டன +1க்கு தள்ளுங்க. வெள்ளை வானத்துக்கு முன்னாடி கருத்த குருவின்னா +1.3 கூட போகலாம். வெள்ளக் கொக்கு கருத்த தண்ணிக்கு முன்னாடி நின்னா மாறி -0.7, இல்லாட்டி றெக்கையில ஒரு கோடு கூட தெரியாம வெளுத்துரும். முடிஞ்ச ஒடனே திரும்ப பூஜ்யத்துக்கு கொண்டு வந்துருங்க. மறக்காம இருக்குற ஆள நான் இன்னும் பார்க்கல, நானும் சேர்த்துதான்.

ஆறுமணிக்குருவி பேருக்கு ஏத்த மாதிரி விடியும்போதும் பொழுது சாயும்போதும்தான் கத்தும், நிக்கிறதும் நிழல்ல. அங்க 1/500 கேட்டா ஐஎஸ்ஓ எல்லைய தொட்டுரும். பயறுப் பையில லென்ஸ அமுக்கி 1/125க்கு எறங்குங்க, அது நாலு தத்து தத்திட்டு ஒரு நொடி அசையாம நிக்கும் பாருங்க, அப்ப அடிக்கணும். தத்தும்போது அடிக்கிறது வீண்.

9. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு வழி

குரங்கு: கைப்பையில பொலித்தீன் சத்தம் கேட்டா சாப்பாடுன்னு வந்து பறிச்சுரும், அதனால எதையும் வெளிய எடுக்காதீங்க. கண்ணுக்குள்ள முறைச்சு பார்க்காதீங்க, பல்ல காட்டி சிரிக்காதீங்க, அதுக்கு அது சண்டைக்கு கூப்புடுற மாதிரி. ஹக்கல மந்தி அடர்ந்த முடியோட கருத்த மூஞ்சி, +0.7 வச்சாதான் கண்ணு தெரியும்.

கொம்பு மூக்கு ஓணான்: பாசி படிஞ்ச மரத்துல ஆடாம அசையாம இருக்கும், நம்ம மலையில மட்டும்தான் இருக்கு. பழகுறதுக்கு இத விட நல்ல ஆள் கிடையாது, 1/60 போதும். கண்டுபுடிக்கிறதுதான் கஷ்டம். கையால எடுத்து வசதியான கிளையில வச்சு எடுக்குற ஆளுங்கள பார்த்திருக்கேன், தயவு செஞ்சு அத செய்யாதீங்க.

பழந்தின்னி வௌவால்: இரை தேடி கிளம்புறது இருட்டுன பிறகு, அதுக்குள்ள தோட்டத்த பூட்டிருவாங்க. அதனால பகல்லதான். வெயில் ஏற ஏற றெக்கையால விசிறிக்கிட்டு சண்ட போடும். இங்க மட்டும் 6ஆவதுல சொன்னத மாத்துங்க, வெயில் வௌவாலுக்கு பின்னாடி இருக்கட்டும், றெக்கைத் தோலு வழியா வெளிச்சம் வந்து நரம்பு ஓடுறது கூட தெரியும். அடியில நிக்காதீங்க, காரணம் உங்களுக்கே புரியும்.

மரை: ஹோர்ட்டன் சமவெளி வாசல் பக்கத்துல நிக்கிறது மனுசனுக்கு பழகினது, அதுக்காக கிட்ட போயி செல்பி எடுக்குறதும் ரொட்டி குடுக்குறதும் வேணாம். கொம்புள்ள ஆண் மரை ஆட்டுக்குட்டி இல்ல. விடியக்காலை போனா மூச்சுல ஆவி போறது எதிர் வெயில்ல நல்லா வரும்.

10. கம்பிக்கும் கண்ணாடிக்கும் பின்னாடி இருந்தா

தெஹிவளை மாதிரி மிருகக்காட்சிசாலைக்கு போறவங்களுக்கு. வேலி வரைக்கும் கிட்ட விடுற எடத்துல லென்ஸ கம்பிக்கு முடிஞ்ச அளவு ஒட்டி வைங்க, மிருகம் கம்பிய விட்டு தூரமா போற வரைக்கும் காத்திருங்க, முழுசா சூம் பண்ணுங்க, கம்பி காணாமலே போயிரும். வெயில் படுற கம்பின்னா மறையாது, வெள்ளையா தெரியும், நிழல்ல இருக்குற பக்கத்த தேடுங்க. கெமரா கம்பியையே புடிச்சிக்கிட்டு இருந்தா கையால போகஸ் பண்ணுங்க. கண்ணாடின்னா லென்ஸ் ஹூட (லென்ஸ் முன்னாடி மாட்டுற மறைப்பு வளையம்) நேரா கண்ணாடியோட ஒட்டிருங்க, சரிச்சு வச்சா உங்க மூஞ்சிதான் படத்துல வரும். தடுப்பத் தாண்டி கைய நீட்டுறது மட்டும் கூடவே கூடாது.

11. செய்யவே கூடாதது

போன்ல குருவி சத்தத்த போட்டு கூப்புடாதீங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தது, எதிரி வந்துட்டான்னு தீனிய விட்டுட்டு அலையும். கூட்டுக் கிட்ட போகாதீங்க, மறைக்கிற எலைய ஒதுக்காதீங்க, நீங்க போன பிறகு காக்கா வந்து பார்த்துக்கும். தீனி போடாதீங்க. ட்ரோன் எடுத்துட்டு போகாதீங்க, அனுமதி இல்லாம பறக்க விட்டா சிக்கல்.

12. வீட்டுக்கு வந்ததும் பூஞ்சைய நினைங்க

நம்ம ஊர்ல கெமராவ கொல்றது கீழ விழுறத விட பூஞ்சைதான். நான் ஒரு 300 லென்ஸ மே மாசம் பையோட அலுமாரிக்குள்ள வச்சுட்டு ஆகஸ்ட்ல எடுத்தேன், உள்ள சிலந்திவலை மாதிரி படர்ந்து கிடந்துச்சு. கழுவுறதுக்கு கேட்ட காசுல இன்னொரு பழைய லென்ஸ் வாங்கலாம்.

மொதல்ல வெளிய துடைச்சு, ஒரு மணி நேரம் காத்தாட வைங்க. பிறகு சாப்பாடு போடுற காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒண்ணுல சிலிக்கா ஜெல் பையோட போட்டு மூடுங்க. கலர் மாறுற ஜெல்லா பார்த்து வாங்குங்க, நீலம் ரோஸ் ஆனாலோ, செம்மஞ்சள் பச்சையானாலோ ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், வெறுஞ்சட்டியில லேசா சூடாக்குனா பழைய நிறத்துக்கு வந்துரும். சின்ன ஈரமானி ஒண்ணு உள்ள போட்டு ஈரத்த 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவுல வச்சிருந்தா போதும். ஜெல்லுக்கு பதிலா அரிசி போடுறாங்க, தூசி லென்ஸ் வளையத்துக்குள்ள போகும், வேணாம். கெமராப் பையில போட்டு மூடி வைக்கவே வேணாம், அந்தப் பஞ்சுதான் ஈரத்த புடிச்சு வைக்கும். அடுப்பு மேல பரண்ல வச்சா காயும்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, காயும்தான், புகையும் எண்ணெயும் சேர்ந்து படியும்.

கெமரா டப்பாவுக்குள்ள போன பிறகு படத்த பாருங்க. மொத சுத்துல கண்ணு தெளிவில்லாத எல்லாத்தையும் அழிங்க, யோசிக்காதீங்க. மீதி இருக்குறத ரெண்டு எடத்துல கொப்பி பண்ணிட்டு கார்ட கெமராவுலயே போர்மட் பண்ணி, பெட்டரிய சார்ஜுல போட்டுட்டு படுங்க.